பச்சைப் பனியனும் வெள்ளைச் சட்டையும்

உர்மிளாவின் வீட்டை அவர்கள் கொள்ளையடித்தது பட்டப்பகலில். இரண்டாயிரமாவது ஆண்டு ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்த நேரம்.

தலைநகர் சுவாவில், இந்திய வம்சாவளிப் பிரதமருக்கு எதிராகத் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடல் தாண்டி வேறொரு தீவில், சவுசவு ஊருக்கு மேலே, மலைப்பாதையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஏழு இந்திய வீடுகள் இருந்தன. "சண்டை சுவாவிலதானே, இவ்வளவு தூரம் யாரு வரப்போறாங்க" என்று அவள் புருஷன் யோகேந்திரா சொல்லிக்கொண்டே இருந்தான். அன்றைக்கும் லாரியில் கொப்பரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டான். உர்மிளா வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது மகள் விஷாலி படம் வரைந்துகொண்டிருந்தாள்.

நாய் குரைத்த விதம் சரியில்லை. எட்டிப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பேர், கையில் கத்தியும் தடியுமாகப் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். மகளை அள்ளிக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓடைப் பள்ளத்தில் தாலோக் கிழங்குச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. அந்த இலைகளுக்கு அடியில், சேற்றில், பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு படுத்தாள். விஷாலி மூச்சுக்குத் திணறித் திணறி அவள் கையைக் கடித்தாள். உர்மிளா கையை எடுக்கவில்லை.

பள்ளத்திலிருந்து வீட்டின் பின்வாசல் தெரிந்தது. கோழிகள் போயின. மெத்தை போனது. அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை இறக்கிவைத்துப் படியில் உட்கார்ந்தே தின்றார்கள். கடைசியில் ஒருவன் தையல் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். பச்சை நிற ரக்பி பனியன், முதுகில் ஏழாம் நம்பர். வெயிலுக்கு முகத்தைத் திருப்பியபோது ஆள் யாரென்று தெரிந்தது. எபெலி. பக்கத்துப் பூர்வகுடிக் கிராமத்து ஆள், பதினைந்து நாளைக்கு முன்னால்தான் தன் பையனின் பள்ளிக்கூடக் கால்சட்டையை அவளிடம் தைத்து வாங்கிக்கொண்டு போனவன்.

அன்று சாயங்காலம் அவர்களைத் தேடிவந்து பள்ளத்திலிருந்து தூக்கிவிட்டவள் சைனிமிலி. எபெலியின் கிராமத்துக்காரி, சர்ச்சில் பாடுகிறவள். தன் வீட்டில் படுக்கவைத்துச் சூப் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் போலீஸில் உர்மிளா வாக்குமூலம் கொடுத்தபோதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பள்ளம், தாலோச் செடி, பச்சைப் பனியன், ஏழாம் நம்பர், எபெலி என்று எல்லாவற்றையும் கான்ஸ்டபிள் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அந்த மாதமே வீட்டைப் போட்டது போட்டபடி விட்டு, கப்பலேறி, பெரிய தீவிலிருக்கும் லௌட்டோகா நகரத்தில் நடபுவாவுக்கு வந்து உர்மிளாவின் அண்ணன் சதேந்திரா வீட்டில் பின்னறையில் குடியேறினார்கள்.

அங்கே வந்த பிறகுதான் கனவு தொடங்கியது. கண்ணை மூடினால் நாய் குரைக்கும், பாதையில் ஆட்கள் ஏறுவார்கள், அவள் சேற்றில் படுத்திருப்பாள். ஒரே வித்தியாசம், கனவில் விஷாலி மூச்சுவிடுவதை நிறுத்திவிடுவாள். ஒவ்வொரு முறையும் பிள்ளை தன் கைக்குள் செத்துப்போவதைப் பார்த்துவிட்டு உர்மிளா அலறிக்கொண்டு எழுந்தாள். தூக்கத்துக்குப் பயந்து டீ குடித்தாள். நடக்கும்போதே கண் சொருகியது. வாடகைக்கு எடுத்த மெஷினில் தைக்கையில் ஊசி இடது கட்டைவிரலுக்குள் இறங்கி, நகம் இரண்டாகப் பிளந்தது.

அந்த நகம்தான் அவளைக் காப்பாற்றியது. ஒரு நாள் கனவில், மகளின் வாயைப் பொத்தியிருந்த தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் முழுசாக இருந்தது. 'நகம் பிளந்திருக்கணுமே. இது நிஜம் இல்லை. நான் தூங்குகிறேன்' என்று தெள்ளத்தெளிவாகத் தோன்றியது. கையை எடுத்தாள். விஷாலி மூச்சை இழுத்துவிட்டு, "என்னம்மா?" என்றாள். உர்மிளா பள்ளத்திலிருந்து எழுந்து, சேற்றுக்காலோடு வீட்டைச் சுற்றி நடந்து வாசற்படியில் ஏறி நின்றாள். "போங்கடா" என்றாள். போனார்கள்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் விடியும் வரை தூங்கியிருந்தாள்.

கிளினிக்கில் நர்ஸ் அஷ்னிதாவிடம் இதைச் சொன்னாள். "இதுக்குப் பேரே இருக்குங்க, லூசிட் ட்ரீமிங். கனவுன்னு தெரிஞ்சே காண்றது. எல்லாருக்கும் வராது. பயம் போச்சுன்னா நல்லதுதானே, செய்யுங்க" என்றாள் நர்ஸ்.

செய்தாள். படுக்கும் முன் நகத்தைப் பார்த்து, 'இது முழுசா இருந்தா கனவு' என்று சொல்லிக்கொண்டு படுப்பாள். முதலில் வாசற்படியில் நின்று விரட்டினாள். பிறகு பெயர் சொல்லித் திட்டினாள். ஆறேழு மாதத்தில் கனவு முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. எபெலியைத் திரும்ப வரவழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு, தோளில் மெஷினைச் சுமந்துவந்து அவள் காலடியில் வைத்தான். நீதிமன்றமும் போலீஸும் கொடுக்காததை அவளே எடுத்துக்கொண்டாள். உடம்பு தேறியது. மகளோடு சிரித்துப் பேசினாள்.

போகப் போக மத்தியானமும் படுக்க ஆரம்பித்தாள். விஷாலி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மனசு வராது. "மம்மி எப்பப் பாரு சோத்தி ஹை" என்று, அம்மா தூங்கிக்கொண்டே இருப்பதைப் பிள்ளை மாமாவிடம் முறையிட்டது. தைக்கக் கொடுத்த துணிகள் அப்படியே கிடந்தன. யோகேந்திரா நியூசிலாந்தில் குடியேற விண்ணப்பத் தாள்களை வாங்கிவந்து நிரப்பச் சொன்னான். அவளுக்கு அதில் நாட்டமில்லை. தினம் தினம் தன் வீட்டு வாசலில் நிற்கிறவள் எதற்கு இன்னொரு நாட்டுக்குப் போகவேண்டும்?

கொள்ளை நடந்து ஒன்றரை வருஷம் கழித்து, இரண்டாயிரத்து இரண்டு பிப்ரவரியில், சவுசவு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் சுவா போய் அங்கிருந்து கப்பல் ஏறினார்கள். கோர்ட்டில் மின்விசிறி ஓடவில்லை. சைனிமிலி முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எபெலி தலையை நன்றாக வாரிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். அவனுடைய வக்கீல் மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை இந்தியில் சொன்னார்.

"அம்மா, அந்த ஆட்கள் வீட்டுக்குள் இருந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"வாசப்படியில நின்னேன்."

"மெஷினைத் தூக்கியவர் என்ன உடுத்தியிருந்தார்?"

"வெள்ளைச் சட்டை."

சொல்லி முடித்த மறுகணமே அது கனவுச் சட்டை என்று அவளுக்கு உறைத்தது. தன்னையறியாமல் கட்டைவிரலைப் பார்த்தாள். நகம் பிளந்து, கோணலாக வளர்ந்திருந்தது. விழித்துத்தான் இருந்தாள்.

வக்கீல் வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார். பள்ளம். பச்சைப் பனியன். "இதில் எது உண்மை?"

"அதுதான் உண்மை, எழுதினதுதான். இப்ப சொன்னது... அது கனவுல வர்றது."

"கனவிலா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளரே உதட்டைக் கடித்துக்கொண்டார். வக்கீலுக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் தேவைப்படவில்லை. சைனிமிலி கொள்ளையைக் கண்ணால் பார்த்தவள் இல்லை. வேறு சாட்சியும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வழக்கு தள்ளுபடியாகி, எபெலி அவளுக்கு முன்னாலேயே வெளியே நடந்துபோனான்.

படியில் இறங்கும்போது யோகேந்திரா பல்லைக் கடித்தபடி சொன்னான்: "எத்தனை தடவை சொன்னேன், இந்தத் தூக்கத்த விடுன்னு? உன் கனவு வெளையாட்டால கேசே போச்சு. சாட்சி நீ ஒருத்திதான் இருந்த."

வீட்டில் அவர்கள் பேசுவது இந்தியும் தமிழும் கலந்த பேச்சு. கோபம் தலைக்கேறினால் மட்டும் உர்மிளாவுக்கு முழுசாகத் தமிழ் வரும். அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்த தமிழ்.

"என்னாலயா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஆள் பேரு, பனியன் கலரு, நம்பரு எல்லாம் மறுநாளே எழுதிக் குடுத்தேன். அப்ப ஏன் கூப்பிடல? ஒன்றரை வருஷம் இவங்க கோப்பைத் திறக்கவே இல்ல. அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்? அந்தப் பயத்தை ஊறுகா போட்டு வெச்சிருக்கணுமா, இவங்க கேக்கிற அன்னிக்கு எடுத்து நீட்ட? தினம் தினம் எம் பொண்ணு எங்கையில செத்துக்கிட்டே இருக்கணுமா, கோர்ட்டுக்குச் சாட்சி கெடாம இருக்க? நான் தூங்கினது தப்பா? திருடினவன் தலைய வாரிக்கிட்டு வர்றான், தூங்கினவ தலைகுனியணுமா?"

 தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

ஆனாலும் உள்ளுக்குள் ஒன்று அவளை அறுத்தது. ஒரு நிஜ மத்தியானத்தின் மேல் அவளே நூறு மத்தியானங்களைத் தைத்து ஒட்டியிருந்தாள். அடியில் கிடந்த துணி எது என்று இப்போது அவளுக்கே தேடிப்பார்க்க வேண்டியிருந்தது. அந்த வக்கீல் மேல் வந்த கோபத்தில் கொஞ்சம் தன் மேலும் இருந்தது. அதை யோகேந்திராவிடம் அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை சைனிமிலியைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். வீட்டில் கூரைத்தகடுகூட மிச்சமில்லை. பின்பக்கம் போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, தாலோ இலைகளுக்கு அடியில் படுத்தாள். சேறு குளிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பின்வாசல் தெரிந்தது. முன்வாசற்படி அங்கிருந்து தெரியவே தெரியாது. தோளில் பாரத்தோடு ஒருவன் வெளியே வந்து நடந்தால் முதலில் முதுகுதான் தெரியும், வெயிலுக்குத் திரும்பும்போது முகம். பச்சை. ஏழு. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. விஷாலி கடித்த வலிகூட. மேலே ஏறி வந்து, பையிலிருந்த காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதினாள். பிறகு, "எபெலி வீடு எங்கன்னு காட்டு" என்றாள்.

"வேணாம் உர்மிளா" என்றாள் சைனிமிலி. அவளுக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. "நாளைக்கு நான் இந்தக் கிராமத்துல இருக்கணும்." சொல்லிவிட்டு அவளே முன்னால் நடந்தாள்.

எபெலி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். கனவில் இந்த இடத்தில் அவன் தலை தானாகக் குனியும். இங்கே குனியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "கோர்ட்டே விட்டாச்சு. என்ன வேணும்?" என்றான்.

உர்மிளா பின்வாங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம். கனவில் இந்த ஆளுக்கு நேரே நின்று இந்த வார்த்தைகளைச் சொல்லிச் சொல்லி அவள் வாய்க்குப் பழகிப்போயிருந்தது. நிறுத்தாமல், திக்காமல் சொன்னாள்:

"நான் பின்னால பள்ளத்துல இருந்தேன். நீ பச்சை பனியன் போட்டிருந்த. என் அடுப்புல வெந்த சோத்த என் படியில உக்காந்து தின்னீங்க. உன் பையனுக்கு நான் கால்சட்டை தெச்சுக் குடுத்த மெஷின நீதான் தூக்கின. ரெண்டாவது படிக்கிற பொடியன், இடுப்பு இருபத்தி ரெண்டு அங்குலம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் பொய் சொல்லலன்னு உனக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்."

உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். எபெலி மனைவியைப் பார்த்தான், சைனிமிலியைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். வெட்கப்பட்ட மாதிரி இல்லை. அலுத்துப்போன மாதிரி இருந்தது.

"எல்லாரும் போனாங்க, நானும் போனேன். மெஷினை லம்பாசாவுல வித்துட்டேன். இப்ப என்ன செய்யச் சொல்ற?"

"இதை நேத்து சொல்லியிருக்கணும்."

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மெஷினும் வரவில்லை, மன்னிப்பும் வரவில்லை. சைனிமிலி மூடிய கதவைப் பார்த்து, "எபெலி, நானும் கேட்டேன்" என்று உரக்கச் சொன்னாள்.

இருவரும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். முடிந்த வழக்கை மறுபடி எடுக்க முடியாது என்றார் அங்கிருந்த இன்ஸ்பெக்டர்.

"எடுக்க வேணாம். எழுதுங்க" என்றாள் உர்மிளா.

"எழுதி என்னம்மா ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது. அன்னிக்கு நான் சொன்னது நிஜம்னு உங்க புஸ்தகத்துல இருக்கட்டும். எபெலி இன்னிக்கு ஒத்துக்கிட்டதுக்கு இவ சாட்சி."

அவர் பேனாவைத் தேடினார், டீ குடித்தார், யாருக்கோ போன் போட்டார். அவள் நகரவில்லை. கடைசியில் ஒரு பெண் கான்ஸ்டபிள் தடித்த புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். நடுவில் யோகேந்திரா வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தான்.

"உர்மிளா, போட் கெளம்பப் போகுது. நான் நேத்து பேசினது... விடு, வா."

"என்ன பேசினீங்க?"

"தப்பாப் பேசிட்டேன்."

"தப்புதான்" என்றாள் அவள், பக்கத்து நாற்காலியைக் காட்டி. "உக்காருங்க. இவங்க எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டட்டும். அடுத்த போட்ல போகலாம்."

அடுத்த கப்பல் வர இரண்டு நாள் ஆனது. நடபுவாவுக்குத் திரும்பியதும் நியூசிலாந்துத் தாள்களை அவளே நிரப்பினாள். மத்தியானத் தூக்கத்தை விட்டாள். ராத்திரிக் கனவில் அவர்கள் இன்னும் வரத்தான் செய்தார்கள். வந்தால் விரட்டவும் செய்தாள், அந்த உரிமையை அவள் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. எபெலிக்கு வெள்ளைச் சட்டை மாட்டிவிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.