வேரோனிக்காவுக்குக் காட்டிய விரல்கள்

கனடாவில், ஸ்காபரோவில் குணவதி குடியிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு வெற்று நிலம் கிடந்தது. 1996 கோடையில், பின்னேரங்களில், அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவி குந்தியிருப்பாள். தொடைகளுக்கு நடுவே விரல்களை மடக்கியும் நீட்டியும் யாருக்கோ காட்டிக்கொண்டிருப்பாள். எதிரே ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஒருநாள் அவள் எழும்ப முடியாமல் தடுமாறுவதைக் கண்டு குணவதி ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள். பேர்ணடெற் என்ற அந்தக் கிழவி சிநேகிதியானது அப்படித்தான்.

இளமையில் அவள் அமெரிக்காவில் பெண்களுக்கான பேஸ்போல் அணியொன்றில் சம்பளத்துக்கு விளையாடியவள். பந்து எறிபவளுக்கு எதிரே குந்தியிருந்து, எப்படி எறிவதென்று விரலால் சொல்லி, வரும் பந்தைப் பிடிப்பது அவள் வேலை. எறிபவள் வேரோனிக்கா. ஒரு மழைநாளில் அணியின் பஸ் குடைசாய்ந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த வேரோனிக்கா செத்துப்போனாள்.

“வெயில் நாட்களில் வருகிறாள். விரல் காட்டும்வரை அதிலேயே நிற்பாள்” என்றாள் பேர்ணடெற்.

குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. அரைகுறை இங்கிலீசில் தன் கதையைச் சொன்னாள். ஊரில் போர் நடந்தபோது ஆமி பிடித்துக்கொண்டுபோன கணவரைப் பற்றி ஆறு வருடமாக ஒரு தகவலும் இல்லை. ஆனால் சில காலைகளில், தான் இருக்கும் ஏழாம் மாடி நடையில், அவருடைய சைக்கிள் மணி கேட்கிறது.

“அப்படியென்றால் அவரும் வருகிறார்” என்றாள் பேர்ணடெற்.

குணவதியின் முகம் கறுத்தது. “உங்கடை ஆள் செத்தது. என்ரை மனிசன் சாகேல்லை!” என்று தமிழிலேயே கத்திவிட்டு வந்துவிட்டாள்.

அதன்பின் அவள் கீழே இறங்கவில்லை. மணியோ கிட்டக் கிட்ட வந்தது. ஒரு காலை அவளுடைய கதவடியிலேயே கேட்டது. திறந்தாள். ஒருவருமில்லை.

மணியைப் பற்றி ஒன்றும் அறியாத மகள் சஜிதா படுக்கையில் இருந்தபடி கேட்டாள்: “ஆரம்மா சைக்கிளிலை வந்தது?”

அன்று பின்னேரமே குணவதி வெற்று நிலத்துக்குப் போனாள். பேர்ணடெற் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால்கள் இனி மடங்காதாம். “அவள் காத்து நிற்கிறாள்” என்றாள்.

குணவதி அந்த இடத்தில் குந்தினாள். பேர்ணடெற் நீட்டிய, பந்து பிடிக்கும் பெரிய தோல் கையுறையைப் போட்டுக்கொண்டாள். பேர்ணடெற் பின்னால் நின்று சொல்ல, ஒரு விரலை நீட்டிக் காட்டினாள்.

காற்றுக்கூட அசையவில்லை. கையுறை ‘பட்’டென்று பின்னுக்கு உதைத்தது. உள்ளங்கை எரிந்தது. விரித்துப் பார்த்தாள், உள்ளே ஒன்றுமில்லை.

“போய்விட்டாள்” என்று பேர்ணடெற் தொப்பியைக் கழற்றி அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒன்ராறியோ ஏரிக்குப் போனார்கள். கிரியை செய்ய ஐயர் இல்லை. குணவதியின் கையில் எள்ளு மட்டும். முழங்காலளவு தண்ணீரில் நின்றபோது பேர்ணடெற் சைக்கிள்காரரின் பெயரைக் கேட்டாள். கணவரின் பெயரைக் குணவதி வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“பொன்னம்பலம்.”

“பொனாபலம்!” பேர்ணடெற் ஏரியைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்.

“உப்பிடியில்லை. பொன்னம்பலம்.”

அவள் திரும்பவும் பிழையாகக் கூப்பிட்டாள். குணவதி திரும்பவும் திருத்தினாள். நிறுத்தவில்லை. பெயரைச் சொல்லிச் சொல்லி எள்ளைத் தண்ணீரில் விட்டாள்.