மொட்டைமாடி மந்திரி

வில்லா மரியா மேட்டுக் குடியிருப்பில் அந்தக் காலத்தில் நாய்களுக்குத் தரையில் இடமில்லை, மொட்டைமாடிதான். அந்தக் காலம் என்றால் ராஜா காலம் அல்ல. பெண்பிள்ளைகள் இத்தாலிக்குப் போய் யார் வீட்டுக் கிழவிகளையோ குளிப்பாட்ட, இங்கே தாய்மார்கள் ஞாயிறுதோறும் டெலிபோன் கடை வாசலில் வரிசையில் நின்ற காலம். குட்டியாக இருக்கும்போதே நாயை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆள் அரவம் கேட்டால் குரைக்க வேண்டும், அதுதான் உத்தியோகம். கீழே இறங்காமலே அதன் ஆயுசு முடிந்துவிடும். தண்ணீர்த் தொட்டி மாடியில் இருக்கிறது, கொடிக்கயிறு மாடியில் இருக்கிறது, நாயும் மாடியில் இருக்கிறது. இதில் கொடுமை என்ன இருக்கிறதென்று யாரும் கேட்டதில்லை.

நேலிதாவின் மாடிக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் செராப்பியோவின் மாடிக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் சந்துதான் இடைவெளி. செராப்பியோவின் நாய்க்குச் செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியிருக்கும், பெயர் கிடையாது. நேலிதா துணி காயப்போட ஏறினால் கழுத்துக் கயிறு எட்டும் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் ரொட்டித் துண்டை வீசுவாள், வாயால் பிடிக்கும். மகள் யோவானா மிலானுக்குப் போன புதிதில், கணவனிடம் சொல்ல முடியாததையெல்லாம் அவள் இந்த நாயிடம்தான் சொன்னாள். அபெலார்தோவிடம் அழுதால் அவனும் சேர்ந்து அழ ஆரம்பித்துவிடுவான். அப்புறம் யார் யாரைத் தேற்றுவது?

அந்த வருடப் பிறப்புக்கு மேடே அதிரப் பட்டாசு வெடித்தார்கள். மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போன நேலிதா, சந்தில் நாய் கிடப்பதைப் பார்த்தாள். கயிற்றை அறுத்துக்கொண்டு குதித்திருக்கிறது. முன்னங்கால்கள் மண்ணைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் விலா எலும்பை எண்ணிவிடலாம்போல இருப்பதும், கழுத்தில் கயிறு தின்ற புண்ணும் தெரிந்தன. எட்டத்திலிருந்து பார்த்தபோது அதெல்லாம் தெரிந்ததில்லை.

செராப்பியோ பல்குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அடடா, போச்சா? நல்லா கொலைக்குமே. சரி விடு, மச்சான் வீட்டுல குட்டி போட்டிருக்கு. ஒண்ணத் தூக்கிட்டு வந்துர வேண்டியதுதான்."

"இதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"இதுக்கு இனிமே என்ன இருக்கும்மா? ஆசையா இருந்தா நீயே வெச்சுக்க."

ஏதோ பழைய நாற்காலியைத் தருவதுபோல அவர் சொன்ன விதத்தில் நேலிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏப்ரனை அவிழ்த்து நாயைச் சுருட்டி எடுத்தாள்.

பெரிய சாலையில் இருந்த மிருக வைத்தியர் ஒரு சின்னப் பெண். முதுகெலும்பு முறிந்துவிட்டது, இனி நடக்காது, ஆனால் கவனித்துக்கொண்டால் வாழும் என்றாள். அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் போகவைப்பது எப்படி, செத்த கால்களைப் பிடித்துவிடுவது எப்படி, தோல் உரியாமல் பழைய காலுறையை மாட்டுவது எப்படி, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். நேலிதா கற்றுக்கொண்டாள். மோட்டார் ரிக்‌ஷா ஓட்டும் அபெலார்தோ, பிளாஸ்டிக் குழாயை வளைத்து, பழைய குழந்தைத் தள்ளுவண்டியின் சக்கரம் இரண்டைப் பூட்டி, பின்னங்காலுக்குப் பதிலாக ஒரு வண்டி செய்தான். வண்டி ஜோராகத்தான் இருந்தது. நாய்தான் அதில் பூட்டினால் அப்படியே நின்றது.

"உக்காந்த எடத்த விட்டு நகர மாட்டேங்குது. யாரு கூப்புட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்குது. இது நாய் இல்ல நேலி, மந்திரி," என்றான் அபெலார்தோ. அன்றிலிருந்து அதன் பெயர் மினிஸ்ட்ரோ.

மாடியால்தானே இந்தக் கதி என்று நேலிதா படிக்கட்டின் அடியில் ஒரு தகரக் கதவைப் போட்டுத் தாழிட்டாள். இனி அந்தப் பாழாய்ப்போன மாடி அதன் கண்ணிலேயே படக்கூடாது. மினிஸ்ட்ரோவுக்கு அடுப்படியில் மெத்தை, கோழிக் கழுத்து போட்ட சோறு, தலைக்குமேல் கூரை. எல்லாம் கிடைத்தும் அது சாப்பிடவில்லை. ஊர்ந்து ஊர்ந்து போய்த் தகரக் கதவின் முன்னால் படுத்து நடுங்கியது.

"பாவம், படியப் பாத்தாலே பயந்து சாகுது," என்பாள் நேலிதா. தூக்கி வந்து மெத்தையில் போடுவாள். அது மறுபடி போய்ப் படுக்கும்.

வாரக் கடைசியில் வைத்தியர் வந்து பார்த்தபோது நாய் எலும்பும் தோலுமாக இருந்தது.

"திங்கக்கெழமை வரைக்கும் பாருங்க அக்கா," என்று அவள் தயங்கினாள். "அப்பவும் சாப்புடலன்னா நானே வந்து ஊசி போட்டுத் தூங்கவெச்சிர்றேன். பட்டினி போட்டுச் சாகடிக்கிறது அதவிடப் பாவம்."

திங்கட்கிழமை காலையில், நனைந்த துணிக்கூடையோடு நேலிதா தகரக் கதவைத் திறந்தாள். அவள் காலுக்கு நடுவே நுழைந்து மினிஸ்ட்ரோ முதல் படியில் முன்னங்காலை வைத்தது. தாடையை அடுத்த படியில் ஊன்றி உடம்பை இழுத்தது. சறுக்கி விழுந்தது. மறுபடி தாடையை ஊன்றியது. நேலிதாவின் கையிலிருந்து கூடை நழுவிவிட்டது. பயமா இது? இந்த ஜென்மத்துக்குத் தெரிந்த ஒரே வீடு மேலே இருக்கிறது, அதைப் போய் நான் தாழ் போட்டு வைத்திருக்கிறேன்!

அதை அள்ளிக்கொண்டு மேலே ஓடினாள். தளத்தில் இறக்கியதும் மினிஸ்ட்ரோ மூக்கைத் தூக்கிக் காற்றைக் குடித்தது. கீழே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவனைப் பார்த்து ஒரு குரை குரைத்தது பாருங்கள், அவன் நின்று அண்ணாந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போனான். நேலிதா சிரித்தாள், அழவும் செய்தாள். கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அது கடைசிப் பருக்கைவரை நக்கியது.

மாடியில் வண்டியைப் பூட்டிய நாளிலிருந்து மினிஸ்ட்ரோவைப் பிடிக்க ஆளில்லை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கடகடவென்று உருண்டது. அங்கேதான் புதுத் தலைவலி முளைத்தது. மேட்டில் எந்த மாடிக்கும் கைப்பிடிச் சுவர் கிடையாது. அடுத்த தளத்துக்காகக் கம்பிகள் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் ஒரு சக்கரம் விளிம்பைத் தாண்டித் தொங்க, கொடியில் கிடந்த போர்வையை வீசி அபெலார்தோ அதைப் பிடித்து இழுத்தான். கயிற்றில் கட்டிப் பார்த்தார்கள். கயிறு கழுத்தில் ஏறியதுமே அது சுருண்டு படுத்தது, கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடியின் மூலையில் பிளாஸ்டிக் விரிப்பின் கீழே செங்கல் அடுக்கியிருந்தது. யோவானாவின் தளத்துக்கான செங்கல். அவள் மிலானிலிருந்து பணம் அனுப்ப அனுப்ப, நேலிதா வேறு எதற்கும் தொடாமல் செங்கலாக வாங்கி ஏற்றியிருந்தாள். மகள் திரும்பி வரும்போது தெருவைப் பார்த்த ஜன்னலோடு அவளுக்கென்று மேலே ஒரு வீடு இருக்க வேண்டும். எந்தப் பக்கம் கட்டில், எந்தப் பக்கம் அலமாரி என்பதுவரை நேலிதாவுக்குத் தெரியும்.

கிண்ணத்தில் சோறு இரண்டாம் நாளும் அப்படியே இருந்தபோது, அவள் விரிப்பை விலக்கி முதல் செங்கலைத் தூக்கினாள்.

"அடியே, அது யோவானாவோட வீடுடி," என்றான் அபெலார்தோ.

"எனக்குத் தெரியாதா? நீ போய் சிமெண்டு கொண்டா."

முழங்கால் உயரத்துக்குச் சுற்றிவரச் சுவர் எழும்பியது. மினிஸ்ட்ரோவின் கயிற்றை நேலிதாவே அறுத்து எறிந்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் யோவானாவிடம் சொல்லியாக வேண்டும். மகள் ரத்தம் சுண்ட உழைத்து அனுப்பிய காசு, நொண்டி நாய்க்குச் சுவராகி நிற்கிறது. எந்த வாயால் சொல்வது?

ஞாயிறன்று டெலிபோன் கடைக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, சாப்டியா? அப்பா எப்படி இருக்காரு? உன் மந்திரி என்ன சொல்றாரு?"

"அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான். யோவானா, ஒன்னு சொல்லணும்டி. கோவிச்சுக்காத. ஒன் செங்கல்ல பாதிய எடுத்து அவனுக்கு மாடியில முழங்கா உசரத்துக்குச் சுவர் கட்டிட்டேன். விழுந்துருவான்னு பயமா இருந்துச்சு. மறுபடி வாங்கிரலாம்டி. நீ வர்றதுக்குள்ள வாங்கிருவேன்."

லைன் போய்விட்டதோ என்று நேலிதா ரிசீவரைத் தட்டினாள்.

"அம்மா." யோவானா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நான் இங்கேயே தங்கிரலாம்னு இருக்கேம்மா. இன்னிக்கி நேத்து முடிவு பண்ணதில்ல, போன வருஷமே. ஒவ்வொரு வாரமும் சொல்லிரணும்னுதான் போன் எடுப்பேன். நீ செங்கல் வந்துருச்சு, ஜன்னல் இந்தப் பக்கம் வெக்கலாம்னு ஆரம்பிச்சுருவ. எனக்கு வாய் வராது."

நேலிதா கூண்டின் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். வெளியே வரிசையில் நின்றவள் மணியாகிறதென்று சைகை காட்டினாள்.

"மிச்சத்தையும் வெச்சுக் கட்டிரும்மா," என்றாள் மகள். "முழங்கா உசரம் பத்தாது. துணி காயப்போடறப்ப நீயும் விழுந்துறப் போற."

வீட்டுக்கு வந்தபோது அபெலார்தோ வாசலிலேயே நின்றிருந்தான்.

"திட்டுனாளா?"

"இல்ல. மிச்ச செங்கல்லயும் வெச்சுக் கட்டச் சொல்லிட்டா."

அவன் அவளையே பார்த்தான். சாந்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு மேலே போனான். அவன் தோள் குலுங்குவது படிக்கட்டிலேயே தெரிந்தது. இந்தத் தடவை நேலிதா தன் அழுகையை அவனிடம் மறைக்கவில்லை. பின்னாலேயே ஏறிப்போய் அவனோடு சேர்ந்து அழுதாள். மினிஸ்ட்ரோ இருவரையும் சுற்றிச் சுற்றி உருண்டு வந்தது.

சுவரை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார்கள். நாய்க்குத் தெரு தெரியாமல் போய்விடுமே என்று, அதன் கண் மட்டத்தில் அங்கங்கே ஒரு செங்கலை விட்டுவிட்டுக் கட்டினான் அபெலார்தோ. இன்னும் பல வருடங்கள் மினிஸ்ட்ரோ அந்த ஓட்டை ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்து மீன்காரனை மிரட்டி வாழ்ந்தது. எவ்வளவு நல்ல வருடங்கள் அவை! துணி காய்ந்துகொண்டிருக்கும்போது நேலிதாவும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். அடுத்த ஓட்டை வழியாக அவளும் தெருவைப் பார்ப்பாள், யாரையும் எதிர்பார்க்காமல்.