சாம்பிராணி பிடித்த ஃபைபர்

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. மலேசியாவின் காப்பாரில், மீன் படகுகள் கட்டும் ஜெட்டியில் என் பெட்டியைத் திறந்ததும் சாம்பிராணி வாசம் குப்பென்று அடித்தது.

பெட்டிக்குள் இருந்தது தையல் நூல் பருமனில் ஒரு கண்ணாடி ஃபைபர். என் முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி மொத்தமும் அதில்தான். நடுவில் மேலுறையை நீக்கி, கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களைப் பூசியிருந்தேன். உள்ளே வெளிச்சம் ஓடும்போது தங்கத்திலுள்ள எலெக்ட்ரான்கள் அதில் ஒரு நிறத்தை மட்டும் விழுங்கிக்கொள்ளும். திரையில் அந்த இடம் பள்ளமாகத் தெரியும். தங்கத்தின் மேல் லேசாக எண்ணெய் படிந்தாலும் பள்ளம் நகர்ந்துவிடும். படகிலிருந்து எண்ணெய் கசிந்தால், கடலில் கூண்டு போட்டு மீன் வளர்ப்பவர்களுக்கு மீன் சாகும் முன்பே சொல்லிவிடலாம்.

இதெல்லாம் போன தடவையே, ஆராய்ச்சிக்குப் பணம் தரும் கமிட்டிக்குக் காட்டியாகிவிட்டது. கமிட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரு தடவ அழுக்கானா தூக்கிப் போடணும்னா, இத வச்சு மீன்காரங்க என்ன செய்வாங்க?"

நியாயமான கேள்வி, அதனாலேயே எரிச்சலாக இருந்தது. கழுவினால் தங்கம் உரிந்து வந்தது. அடியில் குரோமியம் பூசி அதன்மேல் தங்கம் வைத்து மறுபடி செய்தேன். உடைந்தது போக உருப்படியாக மிஞ்சியது இந்த ஒன்றுதான். இதைக் கழுவிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கார்த்திகேசு இன்று வேண்டாம் என்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. அதனால் எண்ணெயைக் கண்டுபிடிப்பதை மட்டும் காட்டிவிட்டு, கழுவும் பேச்சை எப்படியாவது மழுப்பிவிடலாம் என்று இருந்தேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து காப்பார் பக்கம் என்பதால் கருவிகளை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். அப்பாவின் லோரிச் சாவி, தன் தையல் மெஷின் இவற்றோடு என் பெட்டியையும் அம்மா சாமி முன்னால் வைத்துவிட்டார்.

"அதக் குடுங்கம்மா, நாளைக்கு டெமோ இருக்கு."

"சாமிக்கு வச்சத மறுபூஜை முடியாம எடுக்கக்கூடாது. காலைல எடுத்துக்க."

மூடிய பெட்டிதானே என்று விட்டுவிட்டேன். காலையில் சந்தனப் பொட்டோடு அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன்.

ஃபைபரைச் சுத்தமான தண்ணீரில் வைத்தேன். பள்ளம் அதன் இடத்தில் இல்லை. சிவப்புப் பக்கம் தள்ளிப் போயிருந்தது. அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"பெட்டியத் தொறந்தீங்களா?"

"மூடியிருந்தா சாமி எப்படிம்மா பாக்கும்? தொறந்து விளக்குப் பக்கத்துல வச்சேன். நல்லா சாம்பிராணி காட்டிட்டுத்தான் மூடினேன்."

"உங்க சாமி என் பொழப்புல மண்ணப் போட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். சொன்ன மறுநொடியே மனசு உறுத்தியது.

என் மேற்பார்வையாளர் டாக்டர் உஷாராணி பக்கத்தில் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். பின்னால் நின்ற கார்த்திகேசுவுக்கும் கேட்டுவிட்டது.

"அப்ப அழுக்கு ரெடியா இருக்கு" என்றார் அவர். "கழுவிக் காட்டுங்க லா."

நான் உஷாராணியைப் பார்த்தேன்.

"உரிஞ்சா உரியட்டும் சிந்து. எத்தன நாளைக்குத்தான் பொத்திப் பொத்தி வச்சிருப்ப?"

ஃபைபரை ஸ்பிரிட்டில் அலசினேன். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். திரையைப் பார்க்கப் பயந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உஷாராணிதான் என் தோளைத் தட்டினார்.

பள்ளம் பழைய இடத்துக்கே வந்து நின்றிருந்தது. தங்கம் உரியவில்லை. படகு எண்ணெய் கலந்த கடல் தண்ணீரில் வைத்தேன், நகர்ந்தது. கழுவினேன், திரும்பி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"முதல்ல எதனால அழுக்காச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதணுமே" என்றார் கார்த்திகேசு.

"சாம்பிராணிப் புகைன்னே எழுதுங்க சார்."

அவர் சிரித்தார். "புகைக்கு ஒரு தடவ போதாதுமா. திரும்பத் திரும்பப் புகை பிடிக்க வச்சு, கழுவிக் காட்டணும். அதுவரைக்கும் ப்ராஜெக்ட் ஓடட்டும்."

அவர்கள் காருக்குப் போனதும் அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"கெட்டுப் போச்சாம்மா? எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சா தொறந்திருப்பேனா?"

"கெடலம்மா. நீங்க தொறந்ததாலதான் பொழச்சுது. நாளைக்கும் சாம்பிராணி போடணும்."

"நாளைக்கு என்ன விசேஷம்?"

"நாளைக்கு மட்டும் இல்ல, தினமும் போடணும். பெட்டிய நானே தொறந்து வைக்கிறேன்."