பாரம் தாங்கும் டயர்

டயர் தேயவில்லையென்றால் அது நல்ல டயர்தான் என்பது கோபாலசிங்கத்தின் கட்சி. இத்தாலியில், பலெர்மோ நகரத்தை ஒட்டிய மொண்டெல்லோவில், வீட்டுக்காரச் சின்யோராவின் தோட்டத்து மூலையில் அவர் குடியிருந்த ரூலொத், காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற சில்லு வைத்த வீடு, வருசக்கணக்காக அசைந்ததே இல்லை. பிறகு டயர் எங்கே தேய்கிறது? இப்போது சின்யோரா தோட்டத்தை விற்கிறார். ரூலொத்தை நகரத்துக்கு அந்தப் பக்கமுள்ள பகேரியாவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

போன ஞாயிறு கொழும்பு லொட்ஜிலிருந்த மனைவி ரதியோடு ரெலிபோனில் அதைத்தான் கதைத்தார்.

“அண்ணா கனடாவுக்குக் கூப்பிடுறார். சில்லு வைச்ச வீட்டிலை என்னெண்டப்பா பிள்ளையை வளர்க்கிறது?”

“நல்ல பாரம் தாங்கிற டயராப் போடுறன். நீர் துசானியோடை இஞ்சை வாரும்.”

“யோசிச்சுச் சொல்லுறன்,” என்றாள் ரதி.

டயர்க்காரன் சால்வோ வந்து குந்தியிருந்து டயரின் பக்கத்தை அழுத்திப் பார்த்தான். வற்றிய குளம்போல வெடித்திருந்தது.

“ரூலொத் டயர் ஓடித் தேய்வதில்லை. வெயிலில் நின்றே செத்துப்போகும்,” என்றான் இத்தாலியனில்.

“கார் டயர் இரண்டு போட்டால்?”

சால்வோ தலையை மேலே தூக்கி ‘ச்சு’ என்றான். பலெர்மோவில் அதுதான் ‘இல்லை’. “நெளியும். உள்ளே எவ்வளவு பாரம் என்று பார்க்க வேண்டும்.”

அந்த வீட்டுக்குள் இன்னொரு மனிதர் காலெடுத்து வைத்து எத்தனையோ காலம். கோபாலசிங்கத்துக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. ஓடிப்போய்க் கோப்பி போட்டார்.

சால்வோ கட்டிலைத் தூக்கினான். அரிசி மூட்டைகள், சீனி, பருப்பு, சவர்க்காரப் பெட்டிகள், மெழுகுதிரி. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் குடும்பம் நடத்தியவருக்குக் கடையை நம்பத் தெரியாது. ரதியும் பிள்ளையும் வந்திறங்கும் அன்றைக்கு ஒன்றும் இல்லையென்று சொல்லக்கூடாது.

“எத்தனை பேர் இருக்கிறீர்கள்?”

“மூன்று பேர்.”

“அப்படியென்றால் தடித்த டயர்தான். இதையெல்லாம் இறக்கினால் சாதாரணமானதே போதும்.” சால்வோ மூலையில் அடுக்கியிருந்த பால்மா ரின் ஒன்றை எடுத்தான். ரின்னின் மேல் படத்தில் கைக்குழந்தை ஒன்று சிரித்தது. அவனும் சிரித்தான். “பிள்ளைக்கு எத்தனை மாதம்?”

கோபாலசிங்கம் வாயைத் திறந்தார். அவர் யாழ்ப்பாணத்தை விட்டபோது நாலு மாதம். அந்த ரின் போன மாதம் வாங்கியது.

“எட்டு வயது,” என்றார்.

சால்வோ ரின்னைச் சத்தம் போடாமல் வைத்தான். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. கோபாலசிங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

அன்று பின்னேரமே ரெலிபோன் கார்ட்டோடு சந்திப் பூத்துக்குப் போனார்.

“ரதி, துசானி இப்ப என்ன விரும்பிச் சாப்பிடுறவள்?”

“இதென்ன புதுக் கேள்வி? நண்டுக் கறி. தானே கோது உடைச்சுச் சாப்பிடுவாள். ஆரையும் தொட விடாள்.”

தானே உடைத்துச் சாப்பிடுகிறாளாம். அவர் வாங்கி அடுக்கியதோ நாலு மாதப் பிள்ளைக்கு.

“அப்ப நீங்கள் அண்ணாவிட்டையே போங்கோ. அங்கை நல்ல பள்ளிக்கூடம் இருக்கும்.”

“நீங்கள்?”

“எனக்கென்ன, இருக்கிறன்.”

மூட்டைகளைத் தெரிந்த சனங்களுக்குக் கொடுத்தார். சால்வோ சாதாரண டயர் இரண்டைப் பூட்டினான். ரூலொத் ஒரு குறையும் இல்லாமல் பகேரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு ஆளுக்கு அந்த டயர் தாராளமாகப் போதும்.