பத்தாவது எழுப்புதல்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது இதன் நாயகியேதான். கெண்டை மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "ஊரு உலகத்தைப் பத்தியெல்லாம் எழுதற. என்னைப் பத்தி ஒண்ணு எழுது. ஆனா கடைசியில நான் அழுதேன்னு எழுதிடாத. நான் அழல."

தமிழில்தான் எழுதுவேன், உங்களால் படிக்க முடியாது என்றேன்.

"அது இன்னும் நல்லது," என்றாள்.

ஆகவே தொடங்குகிறேன்.

விடியற்காலையில் தோபா ஏரியின்மேல் பனி ஒரு வெள்ளைத் துணியைப் போல

[வேண்டாம். ஏரி நடுவிலுள்ள சமோசிர் தீவில் விடியற்காலையில் ஏரியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பன்றிகள் பசிக்குக் கத்தும்.]

சொந்தாங் ஒரு பாவி.

[இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "இதுல என்ன புதுசு?" என்று கேட்டாள்.]

சொந்தாங்குக்கு ஐம்பத்தெட்டு வயது. அதற்குள் ஒன்பது தடவை ரட்சிக்கப்பட்டிருந்தாள்.

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

2

ஒன்பது தடவை என்பது மிகையில்லை. ஆண்டுக்கொரு முறை, காப்பிப் பழம் பறித்து முடித்ததும், வெளியூர்ப் போதகர் யாராவது வந்து பங்குருரான் கால்பந்து மைதானத்தில் எழுப்புதல் கூட்டம் நடத்துவார். கூட்ட முடிவில், "இன்றைக்கு இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுந்து முன்னால் வாருங்கள்" என்பார். பாட்டு மெல்ல ஒலிக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து சொந்தாங் எழுந்திருப்பாள். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவள், பதினாறு வயதில் திருச்சபை முன் நின்று விசுவாசத்தை அறிக்கையிட்டவள், பாடகர் குழுவில் முப்பது வருஷம் இரண்டாம் குரல் பாடியவள், முதல் முறையாக வருகிறவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு போய் முன்னால் நிற்பாள்.

வருத்தப்பட அவளுக்குக் காரணம் உண்டு. பெயர் துமாரியா; சொந்தாங்கின் ஓரகத்தி. கணவனுடைய தம்பியின் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண விருந்தில், மூத்தவர் வீட்டுக்கு வரவேண்டிய பன்றிக்கறிப் பங்கு இளையவர் வீட்டுக்குப் போய்விட்டது. கறி போனால் கறி மட்டும் போவதில்லை இங்கே. வரிசையில் உங்கள் இடம் போகிறது. அன்றைக்கு நாலு பேர் முன்னால் சொந்தாங் சொன்ன ஒரு வார்த்தை அவளுக்கே மறக்கவில்லை. அதற்குப் பிறகு, கோழி, வேலி, வாய்க்கால் தண்ணீர் என்று ஏதாவது ஒன்று. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அவளுக்குள் ஒரே கேள்விதான்: ரட்சிக்கப்பட்டவள் வாயிலிருந்து இது வருமா? வராது. அப்படியானால் போன வருஷம் நடந்தது நிஜமில்லை. அடுத்த கூட்டத்தில் ஒழுங்காக, மனசார, இன்னொரு முறை.

அவள் கணவர் பர்லின் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். அவர் ஜெபத்தில் "ஆமென்" சொல்வதற்கும் குறட்டை கேட்பதற்கும் நடுவே ஒரு கொட்டாவிக்குத்தான் இடமிருக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் சொந்தாங்குக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சலாக வரும்.

"உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று ஒரு காலையில் கேட்டிருக்கிறாள்.

"எதுக்கு, பின்சாரம்மா*? பிடிச்சிருக்கறது அவரு கை. நான் தூங்கினா அவரு விட்டுடுவாரா?"

"நீங்க என்னைக்காவது யாரையாவது திட்டியிருந்தா தெரியும்."

"உன்னைக் கட்டிக்கிட்டு இன்னொருத்தரைத் திட்ட எங்க நேரம்?"

(* மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அம்மாவை அழைப்பது இங்கே மரியாதை. ஆனால் அதற்கான தோபா மொழி அடைமொழி 'நாய்' போல ஒலிக்கும்; அப்படியே தமிழில் எழுதினால் குரைக்கும். அவள் என் மாமியார். ஆகவே 'பின்சாரம்மா'.)

மாமியார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இதை மூன்றாம் பகுதி வரை மறைத்து வைப்பதாக இருந்தேன்.

3

இனி மருமகள் வர வேண்டும். இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் பிரதியில் அவளை மருத்துவமனைத் தாதியாக்கினேன். இரண்டாவதில் ஊமையாக்கினேன். இரண்டிலும் பொய் தெரிந்தது. சரி, உள்ளதைச் சொல்கிறேன்: அவள் பெயர் வாசுகி. மேடான் நகரத்துத் தமிழ்ப் பெண். சொந்தாங்கின் மூத்த மகன் பின்சாரைக் காதலித்து இந்தத் தீவுக்கு வந்தவள். நான்தான்.

இங்குள்ள படாக் இனத்தில் பிறக்காத பெண் இந்த வீடுகளில் அப்படியே மருமகளாகிவிட முடியாது. முதலில் அவளுக்கு ஒரு குலம் வேண்டும். சொந்தாங்கின் அண்ணன் முன்வந்தார். ஊர் கூடியது. ஒரு பெரிய பன்றி விழுந்தது. ஆயர் ஜெபம் பண்ணினார். அண்ணனும் அண்ணியும் என் தோளில் நெய்த துணியைப் போர்த்தி, "இன்று முதல் இவள் எங்கள் மகள்" என்றார்கள். நான் வாசுகி போரு சினாகா ஆனேன், சினாகாவின் மகள். சொந்தாங்கும் போரு சினாகாதான். இங்கே மாமியாரும் அப்பாவின் சகோதரியும் ஒருவரே, ஒரே சொல்தான். நாம் அத்தை என்று சொல்கிறோமே, அதே.

துணி போர்த்தியாயிற்று. ஆனால் வாசுகி (அவளை அப்படியே வைத்துக்கொள்கிறேன், தள்ளி நின்று பார்க்க வசதி) சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டில் கேட்காமல் எதையும் தொட்டால் ஒரு பார்வை விழும். அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் படகேறினாள். "அத்தை, குளிக்கப் போகவா?" "அத்தை, இந்த நாற்காலியில உக்காரவா?" சாப்பாட்டு வேளைதோறும், தட்டைக் கையில் பிடித்தபடி, "அத்தை, சோறு போட்டுக்கவா?"

நாலு மாதம். சொந்தாங் முதல் மாதம் அதை மரியாதை என்று நினைத்தாள். இரண்டாம் மாதம் கூச்சம் என்று நினைத்தாள். நாலாம் மாதம் அவளுக்குத் தாங்கவில்லை.

4

[இந்தக் காட்சி கதைக்கென்றே செய்தது போல இருக்கும். அப்படியே நடந்தது. என்னால் ஒன்றும் செய்வதற்கில்லை.]

மதியம். பர்லின் ஏற்கெனவே உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். வாசுகி தட்டோடு நின்றாள்.

"அத்தை, சோறு போட்டுக்கவா?"

சொந்தாங் கரண்டியைப் பானைக்குள் போட்டாள். "நீ யாரு?"

"வாசுகி."

"முழுசா சொல்லு."

"வாசுகி போரு சினாகா."

"யாரு குடுத்த பேரு?"

"உங்க அண்ணன்."

"நீ கேட்டு வாங்கினியா?"

"இல்ல அத்தை. அவங்களா குடுத்தாங்க."

"ஊரு முழுக்க உக்காந்து பார்த்துச்சா? துணி போர்த்தினாங்களா?"

"போர்த்தினாங்க."

"அப்புறம் என்ன? தினம் ஒரு பன்னி வெட்டி உன்னைத் திரும்பத் திரும்ப மகளாக்கணுமா? இது உன் சோறு. நீ தட்டை ஏந்திக்கிட்டு நிக்கறப்பல்லாம் எனக்குத்தான் அவமானமா இருக்கு. எங்க வார்த்தையை நீ நம்பலைன்னு ஆகுதில்ல?"

வாசுகி அழுதாள். (அழுதவள் நான். எழுதலாம்.) பர்லின் ஒரு முள்ளைத் தட்டோரமாக வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"அவரும் இதையேதான் சொல்லுவாருன்னு நினைக்கிறேன்."

"யாரு?"

"ஒன்பது தடவை நீ தட்டோட போய் நின்னதைப் பார்த்தவரு."

இங்கே ஒரு நல்ல எழுத்தாளர் சொந்தாங்கின் முகத்தில் வெளிச்சத்தை வரவழைப்பார். உண்மையில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "சாப்பிடறப்ப என்ன பிரசங்கம்?" என்றாள். பன்றிக்குத் தவிடு கலக்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. இரண்டு நாள் பர்லினோடு பேசவில்லை. வாசுகி அன்று தானே சோறு போட்டுக்கொண்டாள். பாதி கீழே சிந்தியது.

5

பத்தாவது கூட்டம் ஒரு ஞாயிறு மாலை நாலு மணிக்கு. எழுப்புதல் கூட்டம் என்றாலே சொந்தாங் எழுந்திருக்கும் கூட்டம்தான் என்று பாடகர் குழுப் பெண்கள் கேலி பேசுவார்கள். வழிவிட வசதியாக அவளை நாற்காலி வரிசையின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். முந்தின வாரம்தான் வாய்க்கால் தண்ணீருக்காகத் துமாரியாவோடு சண்டை போட்டிருந்தாள். காரணம் கையிலேயே இருந்தது.

முடிவு ஒன்று: அவள் எழுந்து ஓடி, போதகரின் காலடியில்

முடிவு இரண்டு: அவள் நெஞ்சில் இனந்தெரியாத ஓர் அமைதி ஏரியைப் போல

இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான்; கண்டதைச் சொல்கிறேன். அழைப்பு வந்தது. பாட்டு தொடங்கியது. சொந்தாங் காலை ஊன்றினாள். நாற்காலியின் கையைப் பிடித்தாள். முன்வரிசைப் பெண் திரும்பி, 'என்ன, இன்னும் உட்கார்ந்திருக்கிறாய்?' என்பது போலப் பார்த்தாள். பாட்டு ஐந்து முறை சுற்றி வந்தது. சொந்தாங் உட்கார்ந்திருந்தாள். பிறகு மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து வேர்க்கடலையை உரித்து, எனக்குப் பாதி கொடுத்தாள்.

அவள் அழவில்லை.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "பயம் போயிடுச்சா அத்தை?"

"எங்க போகும்? உடம்பு பூரா இருந்துச்சு. அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்னு இருந்தேன்."

"உள்ளுக்குள்ள ஏதாவது தோணுச்சா?"

"ஒண்ணும் தோணல. அவரு சொல்லிட்டாரு. எனக்குத் தோணினா என்ன, தோணாட்டி என்ன?" கொஞ்ச தூரம் போய், "இப்ப எழுந்தா அவருக்கு அவமானம்னு மட்டும் நினைச்சேன்," என்றாள்.

6

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்து வந்தது திங்கட்கிழமை.

காலையில் சொந்தாங்கின் கோழிகள் துமாரியாவின் வெங்காயப் பாத்திக்குள் புகுந்துவிட்டன. துமாரியா கல்லெடுத்து எறிந்தாள். ஒரு கோழி நொண்டியது. சொந்தாங் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கு நேரான சொல் தமிழில் இருக்கிறது. நான் எழுத மாட்டேன். பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடும் தொண்டை அது, நாலு வீட்டுக்குக் கேட்டது.

உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். முகம் கறுத்திருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. நேற்றையதும் போயிற்று, இனி பதினோராவது கூட்டம் வரை இந்த வீட்டில் இருட்டுதான் என்று நினைத்தேன். (எழுதுகிறவளாக எனக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது, கதைக்குச் சிக்கல் கிடைத்துவிட்டதே என்று. இதை மன்னிக்க வேண்டும்.)

"ரட்சிக்கப்பட்டவ வாயா இது?" என்று அவளே சொல்லிக்கொண்டாள். பிறகு, "ஆமா. அந்த வாய்தான்," என்றாள்.

தட்டை எடுத்தாள். சோறு, நேற்றைய மீன், நாக்கு மரத்துப்போகும் அளவுக்கு அந்தாலிமான் காய் அரைத்த சட்னி. நிதானமாகச் சாப்பிட்டாள். கை கழுவினாள். கைலியைப் போல அவள் சுற்றிக்கொள்ளும் சாரோங்கை உதறி இறுக்கிக் கட்டினாள்.

"எங்க அத்தை?"

"துமாரியா வீட்டுக்கு."

"மறுபடி சண்டைக்கா?"

"மன்னிப்புக் கேட்க. முன்னெல்லாம் இதுக்கு ஒரு வருஷம் காத்திருப்பேன். கூட்டம் வரணும், போதகர் வரணும், பாட்டுப் பாடணும். இப்ப நான் எங்கேயும் போய் நிக்க வேண்டியதில்லையே. பக்கத்து வீடுதானே, போயிட்டு வந்துடறேன்." வாசலில் நின்று, "அவ என் கோழியைக் கல்லால அடிச்சது மட்டும் தப்புதான். அதையும் சொல்லிட்டுத்தான் வருவேன்," என்றாள்.

பர்லின் கழற்றிப் போட்ட எஞ்சினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். சீட்டி அடித்தார்.

அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் இரண்டு குரலும் கேட்டன, ஒரு கட்டத்தில் ஒரு குரலும் கேட்கவில்லை. இருவரும் கட்டிக்கொண்டார்கள் என்று எழுதிப் பார்த்தேன். அவர்களைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். துமாரியா முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினாள் என்றும் எழுதினேன். ஆனால் கதவுச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

கடைசியாக நான் பார்த்தது இவ்வளவுதான்: வேலி ஓரமாக ஏதோ முனகிக்கொண்டே சொந்தாங் வந்துகொண்டிருந்தாள். கையில் மண்ணோடு ஒரு கட்டு வெங்காயம். துமாரியா கொடுத்ததா, இவள் பிடுங்கி வந்ததா, நீங்களே சொல்லுங்கள். எப்படியானாலும் மதியத்துக்கு அதை நறுக்க வேண்டும். நான் கத்தியை எடுக்கப் போகிறேன்.