ஆறாவது ஊசி

1938 சித்திரையில் என்னைத் திருடி என்றார்கள். சொன்னவர் டாக்டர் ராஜப்பன். சொன்ன இடம், மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டு, பதினான்கு நோயாளிகளுக்கு முன்னால். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பாஞ்சாலி என்ற நோயாளிக்குக் கன்னத்தில் புற்று. மதராஸிலிருந்து வந்த ஆறு ரேடியம் ஊசிகளைக் கன்னத்துக்குள் வைத்துத் தைத்திருந்தார் டாக்டர். ஏழாம் நாள் எடுத்தபோது ஐந்துதான் இருந்தன. தங்கத்தைவிட விலை கூடிய சாமான். வார்டு நர்ஸ் சென்னம்மாள், அதாவது நான், எடுத்து விற்றுவிட்டேன் என்று முடிவு கட்ட அவருக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. மூன்று நாளில் ஊசி வராவிட்டால் போலீஸ் என்றார்.

அன்று முழுக்க அழுதேன். அழுது முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. பாஞ்சாலி முப்பது வருஷம் வெற்றிலை போட்டவள். நிமிடத்துக்கு ஒரு தரம் துப்புவாள்; தையல் விட்ட ஊசி எச்சிலோடு போயிருக்கலாம். துப்புவதற்குச் சாம்பல் போட்ட கொட்டாங்குச்சி வைத்திருந்தோம். அந்தச் சாம்பல் தினமும் பின்கட்டுக் குப்பைக்குழிக்குப் போகும். குழிக்கு ஓடினேன். காலி. முந்தின நாள்தான் பக்கத்து விவசாயி முனியப்பன் எல்லாவற்றையும் எருவுக்காகத் தன் காட்டுக்கு வண்டியேற்றியிருந்தார்.

மூன்றாம் நாள், டாக்டர் தந்தி கொடுத்து வரவழைத்த சேலம் காலேஜ் வாத்தியார் குப்புராஜ் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். உள்ளே இரண்டு தங்க ரேக்குகள். பட்டில் தேய்த்த கோலால் தொட்டால் விரிந்து நிற்கும், மெல்ல மூடும். பக்கத்தில் ரேடியம் இருந்தால் சட்டென்று மூடிவிடும். டாக்டர் அந்தப் பெட்டியை முதலில் என் வீட்டுக்குத்தான் அனுப்பினார். தலையணையைக்கூட விடவில்லை. ஒன்றும் அகப்படாததில் அவருக்குத்தான் ஏமாற்றம்.

நான் வாத்தியாரை முனியப்பன் காட்டுக்கு இழுத்துப் போனேன். வரிசை வரிசையாக அறுபது எருக்குவியல்கள். இரவு மழை பெய்திருந்ததால் ஈரம் காய்வதற்குள் உழுதுவிட அவர் ஏர் பூட்டிக்கொண்டிருந்தார். உழுதுவிட்டால் ஊசியும் போச்சு, என் பேரும் போச்சு. மிதித்தால் காலைப் புண்ணாக்கும் ஊசி என்று விளக்கியதும் அவரே மாட்டை அவிழ்த்து வண்டியில் கட்டினார்.

ஆனால் பெட்டி மக்கர் செய்தது. ஈரக்காற்றில் ரேக்குகள் எங்கே வைத்தாலும் உடனே மூடிக்கொண்டன. இரண்டு நாள் வெயில் அடித்தால்தான் சரியாகும் என்று வாத்தியார் கையை விரித்தார். எனக்கு ஏது இரண்டு நாள்? பச்சைக்குழந்தையின் துணியை எப்படி உலர்த்துவோமோ அப்படியே, முனியப்பன் வீட்டிலிருந்து தணல் சட்டி வாங்கி, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பெட்டியை வைத்தேன். அரை மணியில் பெட்டி காய்ந்தது. நெருப்பு பக்கத்தில் இருந்தாலும் ரேக்குகள் மூடிவிடுமாம்; சட்டியைத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தோம்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தேன். குவியலுக்குக் குவியல் வண்டி நின்றது. ரேக்குகள் மூடும்வரை எண்ணினேன். நூற்றறுபது. நூற்றறுபது. நாற்பதாவது குவியலில் நூற்றிருபது. அடுத்ததில் எழுபது. அதற்கடுத்ததில் ஒன்பது!

வாத்தியார் நம்பாமல் மூன்று தரம் எண்ண வைத்தார். மூன்று தரமும் ஒன்பதுதான். குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, பிரித்ததையெல்லாம் சோதித்தோம். கடைசிப் பிடிச் சாம்பலிலிருந்து நீளமான இடுக்கியால் ஊசியை எடுத்தேன், தைத்த நூலோடு. ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்துப்போன ஈயப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, வெட்கமே இல்லாமல் அந்தக் காட்டில் குதித்தேன்.

தகவல் கிடைத்து ஓடிவந்த டாக்டர் வரப்பில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தப்பாக நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று மெதுவாகச் சொன்னார்.

"வார்டுல வச்சுத்தானுங்க திருடின்னு சொன்னீங்க. இதையும் அங்கயே வந்து சொல்லுங்க" என்றேன்.

வந்தார். அதே இடத்தில் நின்று, சென்னம்மாள் திருடவில்லை, தப்பு என்னுடையது என்று கீழே பார்த்தபடி சொன்னார்.

கடைசிக் கட்டிலில் பாஞ்சாலி, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"இங்க காதுல வுழலீங்க டாக்டரு."

டாக்டர் நிமிர்ந்து, இன்னொரு தரம் உரக்கச் சொன்னார்.