கட்டிலுக்கு அடியில் யார்?

‘டமால்!’

கதை அண்ணன் மேஜையில் அறைந்த அறையில் டீ கிளாஸ்கள் ஒரு குதி குதித்து உட்கார்ந்தன.

“நிறுத்தும்மா. கதவைச் சாத்தியாச்சுன்னு இப்பதானே சொன்னே?”

“ஆமாண்ணே.”

“உள்ளே ரெண்டே ரெண்டு பொம்பளைங்க. அவங்க பேசிக்கிட்டது பக்கத்து வீட்ல இருந்த உனக்கு எப்படித் தெரியும்?”

டி.வி. தொடர் தயாரிக்கும் கம்பெனியின் கதை அறை அது. ஜன்னல் இல்லை, ஏ.சி. உண்டு, அது ஓடுவது இல்லை. இங்கே எல்லோருக்கும் வேலைதான் பெயர். கதை எழுதுகிறவர் கதை அண்ணன். திரைக்கதைக்காரர் வாயைத் திறந்தாலே “இங்க ஒரு திருப்பம் வைக்கிறோம்” என்பதால் அவர் ‘திருப்பம்’ சார். கதை சொல்லிக்கொண்டிருந்த இவள் வசனம்.

வருஷக்கணக்காக அடுத்தவர் கதைக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தவள், இன்றுதான் சொந்தமாக ஒரு கதை சொல்ல வந்திருந்தாள். பிடித்துவிட்டால் அடுத்த தொடரில் ‘கதை’ என்ற சொல்லுக்குக் கீழே அவள் பெயர் வரும்.

பக்கத்து வீட்டில் குடியிருந்த ஓர் அக்காவின் கதை என்றுதான் ஆரம்பித்தாள். கணவன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறான். அந்த அக்கா அழவில்லை. வந்தவளை அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்துகிறாள். அவனுக்கு ராத்திரியில் மூச்சு இழுத்தால் எப்படி நிமிர்த்தி உட்கார வைப்பது, முதுகுக்கு எந்தத் தலையணையைக் கொடுப்பது, இன்ஹேலரை எப்போது அழுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள். வேலையை விட்டுப் போகிறவள் புதிதாக வந்தவளிடம் பொறுப்பை ஒப்படைப்பது போல. கடைசியில் வந்தவளின் கையைத் தட்டிக்கொடுத்துச் சிரிக்கிறாள். ‘இனிமே நான் தூங்குவேன்.’

“ஹீரோயின் சிரிக்கிறாளா?” என்றார் திருப்பம். “அவ அழலைன்னா விளம்பரம் குடுக்கறவன் அழுவான்.”

கதை அண்ணன் சிரிக்கவில்லை. “அதை விடுய்யா. பார்வைக் கோணமே இடிக்குது. சொல்றது பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னா அது கண்ணால பார்த்ததைத்தான் சொல்லணும். இந்தப் பொண்ணு தலையணை உறை கிழிஞ்சிருந்தது வரைக்கும் சொல்லுது. ஏம்மா, அங்கே கட்டிலுக்கு அடியில எவளாவது ஒளிஞ்சிருந்தாளா?”

திருப்பம் வெடித்துச் சிரித்தார்.

ஒளிந்திருந்தது வசனமேதான். ஆறு வயதில், தூசிக்குள் குப்புறப் படுத்து, இரண்டு ஜோடிக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவளின் மகள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ‘அப்பா வெளிநாட்டில் இருக்கிறார்’ என்ற ஒரே பதில். கதையைச் சொல்லிவிடும் ஆசையும் விடவில்லை, வெட்கமும் விடவில்லை. அதனால்தான் அம்மா பக்கத்து வீட்டு அக்கா ஆனாள்.

“அந்த அக்கா... அப்புறமா சொன்னாங்கண்ணே.”

“கதையில மோதல் இல்லை. வில்லி இல்லை. உச்சக்கட்டத்துல ஒருத்தி இன்ஹேலர் அழுத்தக் கத்துக்கறா. வேணாம்மா, நீ வசனத்தைப் பாரு” என்றார் கதை அண்ணன். ஆனால் அவர் பார்வை மட்டும் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

சில வாரங்கள் கழித்து, அடுத்த தொடரின் காட்சித் தாள்கள் வசனம் எழுதுவதற்காக அவள் மேஜைக்கு வந்து சேர்ந்தன. ‘கதை’ என்ற இடத்தில் அண்ணனின் பெயர். முதல் காட்சியைப் படித்தாள்.

‘அறை. பகல். கதவு சாத்தப்படுகிறது. கட்டிலுக்கு அடியில் ஆறு வயதுச் சிறுமியின் கண்கள்.’

தாள்களை அள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டாள்.

“இது என் கதைண்ணே!”

“உன் கதையா? பக்கத்து வீட்டுக் கதைன்னுல்ல சொன்னே?”

திருப்பம் வாய் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்தச் சொற்கள் அவள் வாயிலிருந்து வந்தன.

“அது எங்கம்மா.”

கதை அண்ணன் அசையவே இல்லை. “தெரியும். தலையணையைச் சொல்றப்பவே தெரிஞ்சுபோச்சு. யார் கண்ணு வழியா கதை போகுதுன்னு கண்டுபிடிக்கறதுதானேம்மா என் பொழப்பு? நான் ஒண்ணும் திருடலை. உரியவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன். சாயங்காலத்துக்குள்ள முதல் காட்சிக்கு வசனம் குடுத்துடு.”

அவள் வசனம் எழுதவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனாள்.

அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆளு இங்கே வந்தானா?”

“யாரு, உங்க கதைக்காரரா? வந்தாரே. உங்க கம்பெனி வேன் டிரைவர்தான் வழி காட்டிக் கூட்டிட்டு வந்தாரு.”

“என்கிட்ட ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?”

“நீ மட்டும் எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்யறியோ?”

மெஷின் கடகடவென்று ஓடியது.

“அது என் கதைம்மா! என் பேர்ல வந்திருக்க வேண்டியது. எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியாதா?”

“உன் கதையா? கட்டிலுக்கு அடியில ஒரு நாள் படுத்துக் கிடந்தவ நீ. அந்த மனுஷன் மூச்சுக்குத் தவிக்கறப்பல்லாம் விடிய விடிய முதுகைத் தாங்கிக்கிட்டு உட்கார்ந்தவ நான்.”

“அவன் ஏமாத்துக்காரன்மா. நைசாப் பேசி உன்கிட்ட சம்மதம் வாங்கிட்டான். முடியாதுன்னு சொல்லு. நீ சொன்னா அவனால ஒண்ணும் பண்ண முடியாது.”

அம்மா பெடலிலிருந்து காலை எடுத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியை மடித்து வைக்கும் வரை மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

“சொல்ல மாட்டேன்.”

“ஏம்மா?”

“நீ என்னை அங்கே யாருன்னு சொல்லி வச்சிருந்தேன்னு எனக்குத் தெரியும். அவரு என்னை அம்மான்னு கூப்பிட்டுத்தான்டி கேட்டாரு.”